முனியாயியின் சிவப்பு எழுத்து

இரவு ஏழே முக்கால். வல்லத்திராக்கோட்டைக்கு மெயின் ரோட்டை விட்டு உள்ளே இறங்கினால் ஒரு தைலமரக் காடு வருமே... அந்த ரோடு. பகலில் போனாலே பேச்சுத் துணைக்கு ஆள் தேடும். லைட் கம்பம் மூன்று உண்டு. மூன்றிலும் லைட் எரியாது.

சிவபிரகாஷ் தினமும் அந்த நேரத்துக்கு அந்த வழியாகத்தான் வீட்டுக்குப் போவான். முதுகில் ஒரு பை. பைக்குள் டிபன் டப்பா, தண்ணீர் பாட்டில், அப்புறம் உள்ளங்கை அகலத்தில் ஒரு கறுப்பு ஹார்டு டிஸ்க்.

வைகாசிப் புழுக்கம். ஒரு இலை அசையவில்லை. வண்டிச் சத்தம் மட்டும்தான்... அதற்கு நடுவே இன்னொரு சத்தம்.

ஈ...ஈ...ங். கொஞ்சம் நிற்கும். மறுபடியும் ஈ...ஈ...ங்.

செயினில் எண்ணெய் இல்லை என்று நினைத்தான். வண்டியை ஓரம் கட்டி இன்ஜினை அணைத்தான். செயின் நின்றுவிட்டது. சத்தம் நிற்கவில்லை. அவன் முதுகுக்குப் பின்னால், அந்தப் பையை ஒட்டினாற்போல்... இரைப்பு நோய்க்காரர் மூச்சு இழுக்கிற சத்தம். கூடவே மூக்கில் ஏறுகிற தைல வாடை.

தைலமரக் காட்டில் தைல வாடை வராமல் பிரியாணி வாடையா வரும் என்று கேட்பீர்கள். அவனும் தனக்குத்தானே அப்படித்தான் சொல்லிக்கொண்டான். ஆனால் இது மரத்து வாடை இல்லை. நெஞ்சில் தேய்த்து, வேர்வையில் ஊறி, பழம்புடவையில் ஒட்டிக்கொண்ட தைலம். ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறவனுக்கு அந்த வித்தியாசம் தெரியாதா?

அவன் திரும்பிப் பார்க்கவில்லை. கிக்கரை உதைத்தான். இரண்டு ஆளை ஏற்றிக்கொண்ட மாதிரி வண்டி அழுந்திக்கொண்டு கிளம்பியது.

இவனுக்கு ஏன் இது வந்தது? அதைச் சொல்லாமல் மேலே போனால் உங்களுக்கு இவன் மேல் பாவம் பார்க்கத் தோன்றும். தோன்றக் கூடாது. நம் சுடர்விழியின் சித்தி மகள் பிளெஸ்ஸிக்கு நடந்த அநியாயம் இது. சுடர்விழி இங்கேதான் உட்கார்ந்திருக்கிறாள், நான் பிசகினால் திருத்துவாள். நெருங்கி உட்காருங்கள். யாராவது அந்த ஜன்னலைச் சாத்துங்கள்.

புதுக்கோட்டையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. பெயர் வேண்டாம். அங்கே கம்ப்யூட்டர் எல்லாம் சிவபிரகாஷ் பொறுப்பு. வருகிறவர்களின் பெயர், ஊர், நோய், கொடுத்த மருந்து எல்லாம் சர்வர் என்கிற ஒரே பெட்டிக்குள் இருக்கும். ஒருவருக்கு ஒத்துக்கொள்ளாத மருந்து ஏதாவது இருந்தால், பெயரைத் தட்டியதும் அது சிவப்பு எழுத்தில் மேலே வந்து நிற்கும். அந்தப் பெட்டி ஒரு நாள் படுத்துவிட்டால் என்ன ஆவது? அதற்காகத்தான் தினமும் ஒரு நகல். பேக்கப். பக்கத்தில் ஒரு ஹார்டு டிஸ்க் சொருகி இருக்கும், நகல் தானாகவே அதில் ஏறும். ஏறியதா என்று காலையில் பார்த்து நோட்டில் டிக் அடிப்பது இவன் வேலை. மாதம் ஒரு தடவை அந்த நகலைத் திருப்பி எடுத்துத் திறந்தும் பார்க்க வேண்டும்.

டிக் அடித்தான். பார்க்கவில்லை.

ஐப்பசிக்கு முன்னால் ஆயுத பூசை வந்தது. ஆஸ்பத்திரியில் கத்தரிக்கோலிலிருந்து ஆம்புலன்ஸ் வரைக்கும் சந்தனம் வைத்தார்கள். இவனும் விடுவானா? ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி, துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, பொரி கடலைத் தட்டோடு சர்வர் ரூமில் சாமி படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டான். பூசையில் வைத்ததை மறுநாள் வரைக்கும் தொடக் கூடாது இல்லையா? தொடவில்லை. மறுநாள் விஜயதசமி லீவு. அதற்கடுத்த நாள் சனிக்கிழமை. திங்கட்கிழமை வந்தான், நோட்டை எடுத்தான், டிக் அடித்தான்.

டிஸ்க் சாமி படத்துக்கு முன்னாலேயே இருந்தது. பூ காய்ந்தது. பொரியை எறும்பு தின்று முடித்தது. அவன் மட்டும் நாள் தவறாமல் டிக் அடித்தான். நகல் ஏறவில்லை, நகல் ஏறவில்லை என்று தினமும் சர்வர் மெயில் அனுப்பியது. அந்த மெயிலை யார் திறந்தார்கள்?

மார்கழியில் முனியாயி வந்தாள். குன்றாண்டார்கோவில் பக்கம். அறுபது வயது, ஒண்டிக்கட்டை, சின்ன வயதிலிருந்து இரைப்பு. முழங்கால் வலிக்கு ஒரு ஊசி போட்டார்கள். போட்ட பத்தாவது நிமிடம் மூச்சு அடைத்து, உதடு நீலம் பாய்ந்துவிட்டது. டியூட்டியில் இருந்த நர்ஸ் பிளெஸ்ஸிதான் ஓடி, டாக்டரைக் கத்திக் கூப்பிட்டு, ஆக்சிஜன் வைத்துப் பிழைக்க வைத்தாள். அன்று சாயங்காலமே கம்ப்யூட்டரில் உட்கார்ந்து சிவப்பு எழுத்தில் ஏற்றினாள். வலி ஊசி ஒத்துக்கொள்ளாது. போடக் கூடாது.

"ஊசி பேரெல்லாம் நான் எங்கிட்டு தாயி ஞாபகம் வச்சுக்கப் போறேன்?" என்று முனியாயி கேட்டாள்.

"நீங்க ஒண்ணும் ஞாபகம் வச்சுக்க வேணாம் ஆத்தா. இந்தா, ஏத்திட்டேன். எப்ப வந்தாலும் இந்தப் பொட்டியே சொல்லிரும்."

கிழவி அந்தத் திரையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனாளாம்.

மாசியில் சர்வர் படுத்துவிட்டது. சிவபிரகாஷ் டிஸ்க்கைத் தேடினான். சாமி படத்துக்கு முன்னால், சந்தனம் உதிர்ந்து, தூசியோடு இருந்தது. சொருகிப் பார்த்தால் ஆயுத பூசைக்கு முந்தின நாள் வரைக்கும்தான் நகல். அதற்கப்புறம் நாலரை மாதம்... சுத்தமாக இல்லை.

அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். திறந்திருந்தால் திட்டோடு போயிருக்கும், மிஞ்சினால் வேலை போயிருக்கும். இவன் என்ன செய்தான் தெரியுமா? மருந்துக் கடையின் பில் கம்ப்யூட்டர் தனி. அதிலிருந்து பெயர், ஊர், வந்த தேதி எல்லாவற்றையும் எடுத்து, மூன்று நாள் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்து ஓட்டையை அடைத்தான். சின்னக் கோளாறுதான் சார், பழையபடி ஆகிவிட்டது என்று சொல்லிவிட்டான். பார்வைக்கு எல்லாம் இருந்தது. முனியாயி பெயர் இருந்தது, மார்கழியில் வந்த தேதி இருந்தது. சிவப்பு எழுத்து மட்டும் இல்லை.

பங்குனியில் அவள் வரப்பில் விழுந்து கையை உடைத்துக்கொண்டு வந்தாள். பிளெஸ்ஸிக்கு அன்று லீவு. வேறொரு நர்ஸ்.

"மருந்து ஏதாச்சும் ஒத்துக்காம இருக்காம்மா?"

"எல்லாம் பொட்டியில இருக்கு தாயி. அதுகிட்ட கேளு."

கேட்டாள். பெட்டி ஒன்றும் சொல்லவில்லை. வலி ஊசியைப் போட்டுவிட்டாள்.

கட்டுப் போட்ட கையைத் தூக்கி, திரையையே காட்டிக் காட்டி, அந்தக் கிழவி மூச்சுக்குத் தவித்த தவிப்பை அந்த வார்டில் இருந்தவர்கள் யாரும் மறக்கவில்லை. எட்டு நிமிடம். அவ்வளவுதான்.

விசாரணை வந்தது. மார்கழியில் ஒரு தடவை பிழைத்தவளுக்கு ஏன் குறிப்பு இல்லை? பிளெஸ்ஸியை நிற்க வைத்தார்கள். "நான் ஏத்துனேன் சார், சத்தியமா என் கையால ஏத்துனேன்" என்று அழுதாள். ஆஸ்பத்திரியை நடத்துகிற எம்.டி., சிவபிரகாஷைக் கூப்பிட்டார். ஏற்றியது காணாமல் போக வாய்ப்பு உண்டா என்று கேட்டார்.

பிளெஸ்ஸி அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணே அண்ணே என்று அவனுக்கு டீ வாங்கிக் கொடுத்தவள்.

"சிஸ்டத்துல எதுவும் காணாமப் போகாதுங்க சார்" என்றான் அவன். "ஏத்தியிருந்தா இருந்திருக்கும்."

அந்த ஒரு வாக்கியம். பிளெஸ்ஸிக்கு வேலை போனது. கிழவியைக் கொன்ற நர்ஸ் என்று பெயரும் ஒட்டிக்கொண்டது. வேறு எந்த ஆஸ்பத்திரியும் சேர்க்கவில்லை. நிச்சயம் பண்ணிய மாப்பிள்ளை வீடு மாதாக் கோவில் வாசலில் வைத்தே மோதிரத்தைத் திருப்பிக் கொடுத்தது. எனக்கு இப்போது சொல்லும்போதும் ஆத்திரம் வருகிறது. எனக்கே இப்படி என்றால், செத்துப்போன அந்தக் கிழவிக்கு எப்படி இருந்திருக்கும்?

அதன்பிறகு ஆஸ்பத்திரியில் புதுச் சட்டம். ஆஸ்பத்திரியே தீப்பிடித்தாலும் நகல் தப்ப வேண்டும், அதனால் ஒரு டிஸ்க் தினமும் கட்டடத்தை விட்டு வெளியே போக வேண்டும். எங்கே? பொறுப்பாளர் வீட்டுக்கு. அங்கே அவர் லேப்டாப்பில் நகலைத் திறந்து பார்த்து, படம் எடுத்து அனுப்ப வேண்டும். டிக் எல்லாம் செல்லாது.

அப்படித்தான் அந்த டிஸ்க் சிவபிரகாஷின் முதுகில் ஏறியது.

முதல் நாள் ராத்திரி வீட்டில் நகலைத் திறந்தான். ஆயிரக்கணக்கான பெயர்கள். நடுவில் ஒரு பெயர் மட்டும் சிவப்பாக இருந்தது. முனியாயி. வலி ஊசி ஒத்துக்கொள்ளாது. போடக் கூடாது.

சர்வரில் இல்லாத எழுத்து... நகலில் எப்படி வந்தது? மறுநாள் போய்ச் சர்வரைப் பார்த்தான். அங்கே இல்லை. அன்று ராத்திரி நகலில் மறுபடியும் இருந்தது. கடைசியாக வந்த தேதி என்கிற இடத்தில் அன்றைய தேதி.

அழித்தான். அழித்துவிட்டதாக லேப்டாப் சொன்னது. மூடித் திறந்தால் இருந்தது. டிஸ்க்கையே மொத்தமாகத் துடைத்தான், புதுசாக ஒன்று வாங்கினான். அதிலும் இருந்தது. காப்பாற்ற வேண்டிய நாளில் காப்பாற்றத் தெரியாதவனுக்கு இப்போது அழிக்கவும் முடியவில்லை.

மூன்றாம் நாள்தான் கவனித்தான். ஊர் என்று ஒரு கட்டம் இருக்கும். முதல் நாள் அதில் குன்றாண்டார்கோவில் என்று இருந்தது. இன்றைக்குக் கீரனூர்.

நான்காம் நாள், புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டு.

ஐந்தாம் நாள் அவன் திறந்து பார்த்தபோது அந்தக் கட்டத்தில் இரண்டே சொல். தைலமரக் காடு.

புரிகிறதா? புதுக்கோட்டை வரைக்கும்தான் அவள் தானாக வந்தாள். அதற்கப்புறம் இவன்தான் பையில் போட்டுச் சுமந்து வருகிறான்.

அன்றைக்கே சொல்லியிருக்கலாம். ஒரு போன், பிளெஸ்ஸிக்கு. இல்லை எம்.டி.க்கு. அவன் போனைக் கையில் எடுத்தான், வைத்தான். வேலை போய்விடும், போலீஸ் வரும், ஊரில் தலை நிமிர முடியாது. ஒரு சிவப்பு எழுத்துக்காகவா? விடிந்தால் சரியாகிவிடும் என்று படுத்துவிட்டான். பாருங்கள், பேயே பக்கத்தில் வந்து நின்றாலும் சிலருக்குத் தன் மானம்தான் பெரிது.

ஆறாம் நாள்தான் நான் முதலில் சொன்னேனே, அந்த ஏழே முக்கால் மணி. அந்த மூச்சு. அந்த வாடை.

வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினான். நிறுத்தியதும் வண்டி பின்பக்கம் லேசாக ஒரு எழும்பு எழும்பியது. யாரோ இறங்கிய மாதிரி. அவன் மனைவி அருணா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"என்னங்க, யாரு அது ஒங்க கூட வந்தது?"

"யாரு... யாரும் வரலையே."

"எறங்கி இங்கிட்டுச் சுத்திக் கொல்லைப் பக்கம் போனாங்களே. வயசான ஆத்தா. கையில கட்டுப் போட்டிருந்துச்சு. மூச்சு ரொம்ப இரைக்குது, உள்ள வந்து உக்காரச் சொல்லுங்க. பாவமா இருக்கு."

அவன் உள்ளே ஓடினான். கொல்லைக் கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டான். ரூமுக்குள் போய் அந்தக் கதவுக்கும் தாழ்ப்பாள் போட்டான். டிஸ்க்கைச் சொருகினான்.

முனியாயி.

ஊர், வல்லத்திராக்கோட்டை.

உடன் வந்தவர், சிவபிரகாஷ்.

கொல்லைக் கதவில் சத்தம் ஒன்றும் இல்லை. சத்தம் ரூமுக்குள் இருந்தது. பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு ஆள் நிற்கிற அளவு இடம் இருக்குமே... அங்கிருந்து. ஈ...ஈ...ங்.

அவன் போனை எடுத்தான். பிளெஸ்ஸி நம்பரை அழுத்தினான். மூன்றாவது மணியில் எடுத்துவிட்டாள்.

அவன் கொட்டித் தீர்த்துவிட்டான். ஆயுத பூசை, டிஸ்க், நோட்டு, பில் கம்ப்யூட்டர், எல்லாம். "நீ ஏத்துன தாயி, எனக்குத் தெரியும், நான்தான் தொலைச்சேன், தெரிஞ்சேதான் ஒன்னயக் காட்டிக் குடுத்தேன்" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதான். நாளைக் காலையில் எம்.டி. முன்னால் வந்து சொல்கிறேன், சத்தியம் என்றான். சொல்லி முடித்ததும் நெஞ்சில் இருந்த பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. பீரோ பக்கம் சத்தமும் நின்றிருந்தது.

அப்புறம் பிளெஸ்ஸி பேசினாள்.

"ஹலோ? யாருங்க நீங்க? ரொம்ப நேரமா மூச்சு இரைக்கிற சத்தம்தாங்க கேக்குது. ஒடம்புக்கு முடியலையா? பக்கத்துல யாரும் இருந்தா போனக் குடுங்க..."

அவன் கத்தினான். பிளெஸ்ஸி, நான்தான், சிவபிரகாஷ். அவன் காதுக்கே கேட்டது இப்போது. தன் வாயிலிருந்து வருவது பேச்சு இல்லை.

ஈ...ஈ...ங்.

மன்னிப்புக் கேட்டால் விட்டுவிடும் என்று யார் சொன்னது? கதையில் சொல்வார்கள். எட்டு நிமிடம் மூச்சுக்குத் தவித்துச் செத்தவள் சொல்ல மாட்டாள்.

அருணா கதவைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு, பக்கத்து வீட்டு நாகராசுவைக் கூப்பிட்டுக் கதவை உடைத்தாள். பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் அவன் உட்கார்ந்திருந்தான். உதடு நீலம். மடியில் டிஸ்க். பிறந்ததிலிருந்து இருமல்கூட வராத ஆள், இரைப்பு முற்றி மூச்சடைத்துப் போனான் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். நாகராசு லேப்டாப்பைப் பார்த்தாராம். ஆயிரக்கணக்கான பெயர்கள், எல்லாம் கறுப்பு எழுத்து. முனியாயி என்று அதில் யாருமே இல்லை.

அப்படியானால் அவன் நினைத்தது, பயந்தது எல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றுதானே கேட்கிறீர்கள்?

பிளெஸ்ஸி சொன்னதை யாரும் நம்பவில்லை இல்லையா, அன்றிலிருந்து அவளுக்கு ஒரு பழக்கம். எதையும் நகல் எடுத்து வைக்காமல் விட மாட்டாள். அவள் போனில் எல்லா அழைப்பும் தானாகப் பதிவாகும். சிவபிரகாஷ் நம்பரை அவள் எப்போதோ அழித்துவிட்டதால் யார் கூப்பிட்டது என்றே அப்போது தெரியவில்லை. மறுநாள் சாவுச் செய்தி வந்தது. நேரம் ஒத்துப்போகிறதே என்று அந்தப் பதிவைப் போட்டுக் கேட்டாள்.

பதினோரு நிமிடம். போனில் அவள் கேட்ட மாதிரி வெறும் இரைப்பு அதில் இல்லை. ஆம்பிளைக் குரலும் இல்லை. ஒரு கிழவியின் குரல்தான் இருந்தது. ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு வாங்கி, இழுத்து இழுத்து... "இவன் பூசைக்கு எடுத்து வச்சத... திரும்பச் சொருகவே இல்ல தாயி... தெனமும் பொய்யா டிக் போட்டான்... நீ ஏத்துனது நெசம்..." தேதியோடு, மணியோடு, அவன் மனதில் நினைத்தது வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னது. எம்.டி. அதைக் கேட்டார். சர்வரின் பழைய மெயில்களைத் திறந்து பார்த்தார். எல்லாம் கிழவி சொன்னபடியே இருந்தது. தவறு பிளெஸ்ஸியுடையது இல்லை என்று லெட்டர் கொடுத்தார். அவள் லெட்டரை மட்டும் வாங்கிக்கொண்டாள், அந்த வேலைக்குத் திரும்பப் போகவில்லை.

அந்தப் பதிவின் கடைசி அரை நிமிடத்தை அவள் யாருக்கும் போட்டுக் காட்டியதில்லை. சுடர்விழி மட்டும் ஒரு தடவை கேட்டிருக்கிறாள்.

கிழவியின் இரைப்பு சட்டென்று நிற்கும். பின்னால் தூரத்தில் ஒரு ஆம்பிளைக்கு இரைக்க ஆரம்பிக்கும். அது கூடக் கூட, இந்தப் பக்கம் ஒரு மூச்சு... ஆழமாக, தங்கு தடை இல்லாமல் உள்ளே போய், நிதானமாக வெளியே வரும். அப்புறம் அந்தக் குரல், இரைப்பே இல்லாமல், சந்தோசமாகச் சொல்லும்.

"இப்பத்தான் தாயி... எனக்கு நல்லா மூச்சு வருது."